சீட்டு உங்களுக்கா... பூனைக்கா?

காலை எட்டே முக்கால். பத்து மணிக்கு செமஸ்டர் எக்ஸாம். ராத்திரி நல்ல மழை. நாகமலை புதுக்கோட்டையில் நீங்க தங்கியிருக்கிற ரூமுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வண்டி நிற்குது. பழைய துணியை எடுத்து சீட்டைத் துடைக்கிறீங்க. மேலே காஞ்சு போச்சு. 'அப்பாடா'ன்னு ஏறி உட்கார்ந்து, தேனி ரோட்டைப் பிடிச்சு, அச்சம்பத்து, விராட்டிபத்து எல்லாம் தாண்டி காளவாசல் சிக்னல்ல வந்து நிற்கிறீங்க.

அப்பதான் தெரியுது... பின்னாடி ஜில்லுன்னு!

சீட்டுக்குள்ள இருந்த ஸ்பாஞ்ச், ராத்திரி முழுக்கக் குடிச்ச தண்ணியை எல்லாம் உங்க பேன்ட்டுக்குக் கொடுத்திருச்சு. மூணு மணி நேரம் அந்த ஈரத்தோட எக்ஸாம் எழுதணும். பின் பெஞ்சுல ஒருத்தன் சிரிக்கிறான். 'எப்படிடா தண்ணி உள்ள போச்சு?'ன்னு சாயந்திரம் வந்து குனிஞ்சு பார்த்தா, ரெக்ஸின்ல வரிசையா நாலு கோடு. பக்கத்துல இன்னொரு நாலு. பிளேடு போட்ட மாதிரி.

யார் வேலைன்னு சொல்லவே வேண்டாம். காம்பவுண்டு சுவர் மேல உட்கார்ந்து, ஒண்ணுமே தெரியாத மாதிரி வாலை ஆட்டிக்கிட்டு இருக்கே... அதேதான்!

இது கற்பனை இல்லீங்க. பேன்ட் என்னுடையது. வண்டி எங்க அப்பாவோடது. பதினெட்டு வருஷமா அவர் ஒரு கீறல் விழாம ஓட்டின ஸ்ப்ளெண்டர். 'பத்திரமா வெச்சுக்கப்பா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லி சாவியைக் கொடுத்தார். மூணே மாசத்துல சீட்டு கந்தல். அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கேளுங்க.

அதுக்கு ஏன் உங்க சீட்டு?

பூனைக்கு உங்க மேல எந்தக் கோபமும் இல்லை. அதுக்கு வேண்டியது நாலே நாலு. கதகதப்பு, மெத்துனு ஒரு இடம், தரையிலிருந்து கொஞ்சம் உயரம், தெரு நாய் எட்டாத பாதுகாப்பு. இந்த நாலும் ஒரே இடத்தில் கிடைக்குதுன்னா அது இப்பதான் ஓட்டிட்டு வந்து நிறுத்தின பைக் சீட்டுதான்!

நம்ம வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனை. அந்த ரத்தம் இன்னும் போகலை. பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நமக்கு 'உஸ்ஸ்... என்னா வெக்கை'ன்னு தோணுற 32, 34 டிகிரி அதுக்குச் சுகமான ஏ.சி. ரூம் மாதிரி. கல்லூரி விட்டு வந்து வண்டியை நிறுத்தினதும் எஞ்சினிலிருந்து மேலே ஏறுற சூடு இருக்கே, அது போதும். பூனை ஏறிடும்.

சரி, ஏறிப் படுத்துட்டுப் போகட்டும். ஏன் பிறாண்டணும்? நகத்தின் மேல் இருக்கிற பழைய உறையைக் கழற்ற, உடம்பை நீட்டி சோம்பல் முறிக்க, அதோட 'இது என் இடம்'னு முத்திரை குத்த. பூனையின் பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கு. பிறாண்டும்போது அந்த வாசனை சீட்டில் ஒட்டிக்கும். நமக்குத் தெரியாது. ஆனா அதுக்கும், அந்தத் தெருவில் இருக்கிற மத்த பூனைகளுக்கும் நல்லாத் தெரியும். அதனாலதான் ஒரு தடவை பிறாண்டின இடத்துக்கே திரும்பத் திரும்ப வருது.

இன்னொரு உண்மையும் சொல்லணும். குற்றம் முழுக்கப் பூனை மேல இல்லை. 'ரெக்ஸின்' என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் தயாரான ஒரு செயற்கைத் தோலின் வியாபாரப் பெயர். இன்னைக்கு நாம அந்தப் பேரில் வாங்குறது பெரும்பாலும் துணி மேல பி.வி.சி. பூசினது. அதை வளைந்து கொடுக்க வைக்கிற எண்ணெய்ப் பசை போன்ற பொருள், வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். மதுரை வெயில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுறது உங்களுக்குப் புதுசா என்ன? கறுப்பு சீட்டு அந்த வெயிலை அப்படியே குடிச்சு, விறைச்சு, விரிசல் விடும். அதுக்கப்புறம் பூனை லேசா கை வெச்சாலே போதும்.

ஆக, வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கவர் வேணும். பூனைக்குத் தனியா ஒரு வழி வேணும். இரண்டும் வேற வேற வேலை. 'கவர் போட்டா பூனை வராது'ன்னு நான் நம்பினதுதான் என் முதல் தப்பு.

காதுகுத்து ஃபிளெக்ஸ் கவர் ஆகுமா?

நம்ம ஊரில் கவர் வாங்க வேண்டியதே இல்லைன்னு ஒரு கட்சி இருக்கு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம்னு தெருவுக்குத் தெரு ஃபிளெக்ஸ் கட்டுற ஊராச்சே! விசேஷம் முடிஞ்சதும் ஒண்ணை உருவிட்டு வந்து வண்டி மேல போர்த்திடுறது. என் ரூம்மேட் வண்டி ஆறு மாசம் ஒரு தாய்மாமன் படத்துக்கு அடியில்தான் தூங்குச்சு.

மழைத் தண்ணி இறங்காதுதான். ஆனா ஃபிளெக்ஸும் தார்ப்பாயும் காத்தை உள்ளே விடாது. தரையிலிருந்து கிளம்புற ஈரம் வெளியே போக வழியில்லாம உள்ளேயே வியர்த்து, செயின், ஸ்போக்ஸ், நட்டு எல்லாம் துரு ஏறும். ஆடி மாசக் காத்துல அது படபடன்னு அடிக்கிறப்ப, அடியில் சேர்ந்திருக்கிற புழுதி உப்புத்தாள் மாதிரி டேங்க் பெயின்ட்டைத் தேய்ச்சு விட்டுரும். அவசரத்துக்கு ஒரு ராத்திரி ஓகே. தினமும் வேண்டாம்.

கடையில் வாங்கப் போனா என்ன பார்க்கணும்?

துணி: பெரும்பாலான கவர்கள் பாலியஸ்டர் டஃபேட்டா. பாக்கெட்டில் '190டி'ன்னு போட்டிருந்தா, ஒரு சதுர அங்குலத்தில் ஓடுற இழைகளின் எண்ணிக்கைன்னு அர்த்தம். 'டெனியர்'னு போட்டிருந்தா நூலின் கனம். ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடைன்னு கணக்கு. எண் கூடக்கூட நூல் தடிமன். வெயிலில் நிற்கிற வண்டிக்கு வெளிப்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு உள்ளது நல்லது. சூட்டைத் திருப்பி அனுப்பும்.

தையல்: தண்ணி துணி வழியா வர்றதைவிடத் தையல் ஓட்டை வழியாத்தான் அதிகமா வரும். நடுவில், சரியா சீட்டுக்கு மேல, ஒரு தையல் கோடு போகுதான்னு பாருங்க. தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தா நல்லது. 'அண்ணே, ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பார்க்கலாமா?'ன்னு கூச்சப்படாம கேளுங்க. தையல் மேல ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாருங்க.

அளவு: நூறு, நூற்றிருபத்தஞ்சு சிசி வண்டிகள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். புல்லட் மாதிரி வண்டிகள் அதைவிடக் கூடுதல். 'எல்லா வண்டிக்கும் ஒரே சைஸ்'னு சொன்னா நம்பாதீங்க. கண்ணாடி, கிராஷ் கார்டு எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. முக்கியமா, கவர் தரையில் புரளக் கூடாது. சக்கரத்தின் நடுப்பகுதி வரைக்கும் வந்தா போதும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பட்டை: வண்டி வயித்துக்கு அடியில் போட்டு மாட்டுற பட்டையும் பக்கிளும் கட்டாயம் வேணும். இல்லேன்னா காத்து உள்ளே புகுந்து கவர் பாய்மரம் ஆயிடும். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டி சாய்ஞ்சாலும் சாயும். கவர் போட்டா சென்டர் ஸ்டாண்டுதான்.

போர்த்துற நேரம்: வந்து நிறுத்தினதும் போர்த்தாதீங்க. சைலன்சர் சூட்டில் பாலியஸ்டர் உருகி, கறுப்புக் கறையா ஒட்டிக்கும். அரை மணி நேரம் ஆறட்டும். மழையில் நனைஞ்ச வண்டியையும் துடைச்சுக் காயவிட்டு அப்புறம் போர்த்துங்க.

இங்கேதான் சிக்கல். நீங்க கவர் போடாம விடுற அந்த அரை மணி நேரம்தான் எஞ்சின் கதகதன்னு இருக்கிற நேரம். பூனை வர்ற நேரமும் அதுதான்!

எங்க ஏரியா வைத்தியங்கள்

பூனையை விரட்ட எனக்குக் கிடைச்ச அட்வைஸ் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பாட்டிலில் நீலத் தண்ணி: சொட்டு நீலம் கலந்து பாட்டிலைக் கட்டித் தொங்க விட்டா நாய், பூனை வராதாம். எங்க தெருவில் வீட்டுக்கு வீடு தொங்குது. எங்க பூனை அந்தப் பாட்டில் மேல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டுப் போச்சு.

கருவேல முள்: கண்மாய்க்கரையில் சும்மா கிடைக்குது, வெட்டி சீட்டு மேல வெச்சுடு மாப்ளேன்னான் ஒருத்தன். பூனை வரலை. ஆனா முள்ளே ரெக்ஸினில் ஓட்டை போட்டுச்சு. ஒடிஞ்சு கிடந்த ஒரு முள்ளை நான் கவனிக்காம உட்கார்ந்த கதை இங்கே வேண்டாம்.

டர்க்கி டவல்: சீட்டு கிழியாம இருக்கத் துண்டு விரிக்கிறது. இது பூனைக்கு நாமளே பாய் போட்டுக் கொடுக்கிற வேலை. சொரசொரன்னு, இழை தூக்கலா இருக்கிற துணின்னா பூனைக்குப் பிறாண்ட ரொம்பப் பிடிக்கும். இழுத்துப் பிடிச்ச வழுவழு ரெக்ஸின் மேல அதைவிட ஆசை கம்மிதான். அதனால புது சீட் கவர் தைக்கக் கொடுத்தா, தளர்வா இல்லாம, இறுக்கி அடிக்கச் சொல்லுங்க.

ஃபினாயில், அந்துருண்டை, மண்ணெண்ணெய்: தயவுசெஞ்சு வேண்டாம். பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணுற பிராணி. பாதத்தில் ஒட்டினது வயித்துக்குள்ள போகும். ஃபினால் வகை ரசாயனங்களை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையின் கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. நீங்க விரட்டத்தான் நினைச்சிருப்பீங்க; அது செத்துப் போயிடும்.

எனக்குப் பலிச்சது எது தெரியுமா? முட்டை அட்டை!

மளிகைக் கடையில் முப்பது முட்டை அடுக்குற அட்டை இருக்குமே, அதுதான். ஒண்ணு கிட்டத்தட்ட ஒரு அடிக்கு ஒரு அடி. இரண்டை வரிசையா வெச்சா சீட்டு முழுக்க மூடிடும். பழைய டியூபில் வெட்டின ரப்பர் பட்டையால் இரண்டு சுத்து. வண்டியை நிறுத்தின உடனே இதைக் கட்டிடுங்க. மேடும் பள்ளமுமா இருக்கிற இடத்தில் சுருண்டு படுக்க முடியாது. ஏறிப் பார்த்துட்டு, 'சீ, இதென்ன சீட்டு'ன்னு இறங்கிடும். அரை மணி கழிச்சு அதுக்கு மேலயே கவரைப் போட்டுடலாம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் அட்டையா கேட்டு வாங்குங்க. காகிதக் கூழ் அட்டை நனைஞ்சா கஞ்சியாயிடும்.

அதோட, சீட்டைச் சோப்புத் தண்ணியில் கழுவி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணியால் துடைச்சுக் காயவையுங்க. பழைய வாசனை போனாத்தான் பழைய பழக்கம் போகும். சாப்பிட்டு முடிச்ச ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலைப் பக்கத்தில் போட்டு வைக்கலாம். அந்த வாசனை நிறைய பூனைகளுக்கு ஆகாது. தோல் மட்டும்தான். கடையில் விற்கிற எலுமிச்சை எண்ணெயைத் தடவாதீங்க. அது பூனைக்கு விஷம்.

அந்த ராத்திரி

இப்போ, முட்டை அட்டை கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நடந்த ஒண்ணைச் சொல்லணும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

அப்பா வண்டியைப் பார்க்க வர்றேன்னு போன் பண்ணியிருந்தார். சீட்டு கிழிஞ்சு கிடக்கு. எரிச்சலில் இருந்தேன். 'பொட்டலம் ஒண்ணு வாங்கி மீன் துண்டுல வெச்சுடு. ஒரே நாள்ல முடிஞ்சிரும்'னு ஒரு அண்ணன் சொன்னார். நானும் வாங்கிட்டேன். மறைக்க என்ன இருக்கு? சட்டைப் பையில் அந்தப் பொட்டலத்தோட வண்டிகிட்ட போனேன்.

கவரைத் தூக்கினேன். சென்டர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நான் போட்டு வெச்சிருந்த கோணிச் சாக்கு மேல, மூணு குட்டி. கண்ணு கூடத் திறக்கலை. எலிக்குட்டி மாதிரி நெளியுது. எனக்கு ஒரு சைஸ் பெரிய கவர் வாங்கியிருந்தேன். அது நாலு பக்கமும் தரையைத் தொட்டுக்கிட்டு, உள்ளே இருட்டா, கதகதப்பா, காத்து மழை படாம... நானே ஒரு பிரசவ வார்டு கட்டிக் கொடுத்திருக்கேன்!

தாய்ப்பூனை சுவர் மேலிருந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஓடலை. சீறலை. நான் என்ன பண்ணப் போறேன்னு பார்த்துச்சு, அவ்வளவுதான். பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டாலும் ஆபத்துன்னு, மறுநாள் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துட்டேன்.

அடுத்த அஞ்சு நாள் நான் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கிட்டுத்தான் காலேஜ் போனேன். ஆறாவது நாள் காலையில் குட்டிகளைக் காணோம். தாயே ஒவ்வொண்ணா கழுத்தைக் கவ்வி, பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு மாத்திடுச்சு.

உங்களுக்கும் இப்படி நடந்தா குட்டிகளைத் தூக்கிட்டுப் போய் நாகமலை அடிவாரத்தில் விட்டுட்டு வராதீங்க. தாய்ப்பால் இல்லாம செத்துரும். கை வைக்காம, இரண்டு மூணு நாள் விட்டுக் கொடுங்க. சத்தம் அதிகமான இடம்னு தெரிஞ்சா பெரும்பாலும் தாயே மாத்திக்கும். அவசரமா வண்டி வேணும்னா குட்டிகளைச் சாக்கோட நகர்த்தி, தாய் பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே நிழலில் வையுங்க.

கவர் தரையில் புரளக் கூடாதுன்னு சொன்னேனே, ஏன்னு இப்போ புரியுதா? அதே காரணத்துக்காக, தினமும் காலையில் கவரை எடுத்ததும் சீட்டில் இரண்டு தட்டு தட்டி, சக்கரத்துக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. செயினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு குட்டி படுத்திருந்தா, கிக்கரை உதைச்ச பிறகு தெரிஞ்சு பிரயோஜனமில்லை.

கொஞ்சம் சட்டம், கொஞ்சம் லாபக் கணக்கு

விஷம் வைக்கிறது பாவம் மட்டுமில்லை, குற்றமும்கூட. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, ஒரு பிராணியைக் கொன்னாலோ ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஒரு சீட் கவருக்காகவா?

சட்டத்தை விடுங்க, லாபத்தைப் பாருங்க. வயலும் கண்மாயும் பக்கத்தில் இருக்கிற ஏரியாவில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி பைக்குக்குள்ள புகுந்தா சீட்டோட விடாது. நேரா வயரிங்கைக் கடிக்கும். ஹெட்லைட் எரியாது, ஹாரன் அடிக்காது, செல்ஃப் எடுக்காது. சீட்டு தைக்கச் சில நூறு ரூபாய். வயரிங் செட்டை மாத்தினா மெக்கானிக் அண்ணன் சொல்ற தொகை வேற. ராத்திரி உங்க வண்டிக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன் அந்தப் பூனைதான்.

அந்த வாட்ச்மேனுக்கு ஒரு சேர் போட்டுக் கொடுத்தா என்ன? ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே பழைய லுங்கி. வண்டியிலிருந்து தள்ளி, மழை படாத, கொஞ்சம் உயரமான திண்ணை ஓரம். பக்கத்தில் ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுத்தி, ஆடாம நட்டு வையுங்க. பிறாண்ட அதைவிட நல்ல இடம் அதுக்குக் கிடைக்காது. இரண்டு வாரம் விடாம முட்டை அட்டையும் கட்டினா, அந்தப் பக்கம் ஒதுங்கிடும். எங்க பூனைக்குப் பத்து நாள் ஆச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை: விரட்டுறேன்னு கையால் பிடிக்காதீங்க. பூனை கடிச்சாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி பற்றிக் கேளுங்க. ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வர்றதில்லை.

அப்பா வந்தாரே, என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? வந்தார். கிழிஞ்ச சீட்டைத் தடவிப் பார்த்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பொட்டலத்தையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'சீட்டு நாளைக்கே தைச்சுக்கலாம்பா. நீ திருப்பிக் கொடுத்தியே, அது போதும்'னார். ஊருக்குக் கிளம்புறப்ப, பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட நான் வண்டியை எடுக்கப் போனா... முட்டை அட்டையைக் காணோம், சீட்டு மேல ஒரு குட்டி!

'எழுப்பாதடா, நடந்தே போயிடுவோம்'னு சொல்லிட்டு முன்னால நடந்தார்.

சரி, நீங்க முதல்ல வெளியே போய் உங்க சீட்டில் யார் படுத்திருக்கான்னு பார்த்துட்டு வாங்க. போற வழியில் மளிகைக் கடையில் இரண்டு முட்டை அட்டை!